சின்ன வீடு மாற்றித் தரப்படும்

மா தல்சுவை நான் முதலில் சந்தித்தது ஒரு மின்கம்பத்தில். அதாவது அவர் பெயரை. இஞ்சோனில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் ஏறும் மேட்டுத் தெருவில், நாய் காணவில்லை என்ற அறிவிப்புக்கும் கிதார் கற்றுத் தரப்படும் என்ற அறிவிப்புக்கும் நடுவில், ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. "சின்ன வீடு மாற்றித் தரப்படும். குறைந்த செலவு. வேன் ஒன்று, ஆள் ஒன்று. ஒரே நாளில் இரண்டு கூட முடியும். பெரிய வீடு எடுப்பதில்லை. மா தல்சு." அதற்குக் கீழே எண்.

அந்த வாரம்தான் நான் பட்டம் வாங்கியிருந்தேன். நம்ஹே தீவில் பூண்டு போடும் எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கையை நீட்டினால் நான்கு சுவரையும் தொடக்கூடிய ஓர் அறையிலிருந்து, எழுந்து நின்று கையை நீட்டினால் மூன்று சுவரை மட்டுமே தொடக்கூடிய ஓர் அறைக்கு மாறுவதாக இருந்தேன். 'சின்ன வீடு' என்றால் எங்கள் பேச்சில் வேறு என்னவெல்லாம் அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பூண்டு மூட்டையோடு நடுத்தெருவில் நிற்பவனுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா? கூப்பிட்டேன். வந்தார். சாமானைப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் முதலாளி."

"இதுக்கு வேன் எதுக்கு தம்பி? ரெண்டு பாக்கெட்ல போட்டுக்கிட்டு நடந்தே போயிருக்கலாமே!"

கண்ணாடிச் சட்டம் போட்ட பட்டச் சான்றிதழை மட்டும் பின்னால் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. முன்சீட்டில் ஜன்னலோரமாக நிறுத்தி அதற்கு பெல்ட் போட்டுவிட்டார். "படிப்பு முன்னாடி வரட்டும், பூண்டு பின்னாடி வரட்டும்" என்றார். அவருக்கும் படிப்புக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு போனேன்.

அதற்கப்புறம் மூன்று தடவை வீடு மாறிவிட்டேன். மூன்று தடவையும் அவர்தான். அந்தப் பயணங்களில் அவர் சொன்னதும், அவர் சொல்லாமல் விட்டு மற்றவர்கள் போட்டு உடைத்ததும் சேர்ந்ததுதான் இது. இதில் எனக்கு வேலை ஏதுமில்லை. இத்தோடு வேனிலிருந்து இறங்கிக்கொள்கிறேன்.

தல்சு அப்போது ஐம்பத்து மூன்று வயது பிரம்மச்சாரி. பிரம்மச்சரியம் அவர் விரும்பி எடுத்த விரதம் அல்ல. இளவயதில் ஏழு இடத்தில் பெண் பார்த்தார். போன இடத்திலெல்லாம் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். ஒரு வாசலில் நின்று ஒரே பார்வையில் இந்த வீட்டுச் சாமான் இத்தனை பெட்டி பிடிக்கும் என்று சொல்லிவிடும் வரம் அவருக்கு இருந்தது. ஏழாவது இடத்தில் பெண்ணின் அப்பா, "என்ன மாப்பிள்ளை, எப்படி?" என்று ஆசையாகக் கேட்டபோது, "முப்பத்தாறு வரும்" என்றார் தல்சு. பெண்ணின் வயது முப்பத்தொன்று. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் ஒரு பெரிய இடமாற்று நிறுவனத்தில் இருந்தார். ஒரு நாள் மலைப்பாங்கான தெருவில் ஒரு பியானோ அவரை விட வேகமாக இறங்கிப் போனது. அது போன வேகத்தில் இவருக்கும் வேலை போனது. அன்றிலிருந்து பெரிய வீடு எடுப்பதில்லை என்று சபதம். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வேன் வாங்கினார். மாணவர்கள், தனியாக இருக்கும் கிழவர்கள், சண்டை போட்டுக்கொண்டு அறையைப் பிரித்துக்கொள்ளும் நண்பர்கள், இவர்கள்தான் அவருடைய ஜனம். கட்டில், குளிர்பெட்டி, சோற்றுக் குக்கர், பத்துப் பெட்டி. முடிந்தது.

ஓக் யங்பூனும் அப்படித்தான் வந்தார். சந்தை முக்கில் தொடுகறிக் கடை வைத்திருந்தவர், கடைக் குளிர்பெட்டியை எதிர்ப்பக்கம் மாற்ற ஆள் தேடினார். தல்சு அந்தக் குளிர்பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கும்போது அதனிடம், "பயப்படாத ராசா, மெதுவா, மெதுவா" என்று பேசுவதைக் கேட்டு யங்பூன் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. மறுநாள் சாயங்காலத்திலிருந்து தல்சு தினமும் கடைக்குப் போய் கறுப்பு மொச்சை வாங்கினார். ஆறு வருஷம். எங்கள் ஊரில் ஸ்டியரிங் பிடித்தவரும் முதலாளி, கல்லாவில் உட்கார்ந்தவரும் முதலாளி. ஆகவே இருவரும் ஆறு வருஷம் ஒருவரையொருவர் முதலாளி என்றே அழைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் யங்பூன் டப்பாவை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "முதலாளி, உங்களுக்கு மொச்சை புடிக்குமா?"

தல்சுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "புடிக்காது முதலாளி."

"அப்ப ஆறு வருஷமா எதுக்கு வாங்குறீங்க?"

தல்சு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார். மறுநாள் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை. அதற்கு மறுநாள் யங்பூனே வேன் நிற்கும் இடத்துக்கு வந்து, தாமரைக்கிழங்கு வறுவல் ஒரு டப்பாவை வண்டி மேல் வைத்தார். "எங்க அண்ணன் மொக்போவுல இருந்து சனிக்கிழமை வரார். உங்களப் பாக்கணுமாம். சட்டைய இஸ்திரி போட்டுட்டு வாங்க. அவர் சரின்னு சொல்லிட்டா எனக்கும் சரி."

யங்பூனுக்கு அண்ணன் சொல் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பதினாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் பேச்சைக் கேட்காமல் கட்டிக்கொண்ட ஒரு புருஷனை அவர் விவாகரத்து செய்திருந்தார். அந்த மனிதன் மூன்று வருஷமாகச் சின்ன வீடு வைத்திருந்தான். ஊரில் எல்லாருக்கும் தெரிந்து, மீன்காரிக்குத் தெரிந்து, கடைசியாகத்தான் யங்பூனுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஓக் குடும்பத்தில் 'சின்ன வீடு' என்ற சொல்லே கிடையாது. பொம்மை வீட்டைக் கூட 'குட்டி வீடு' என்றுதான் சொல்வார்கள்.

அண்ணன் ஓக் சங்தே தபால் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மொட்டை வெயிலிலும் கழுத்துப் பட்டி கட்டுகிறவர். அவர் வந்த சனிக்கிழமை சந்திரக் கணக்கில் பத்தொன்பதாம் நாள், அதாவது ஒன்பதிலும் பூஜ்யத்திலும் முடிகிற, பேய் ஊரில் இல்லாத நாட்களில் ஒன்று. மற்ற நாளெல்லாம் திசை திசையாகச் சுற்றிக்கொண்டு வீடு மாறுகிறவர்களைத் தொந்தரவு பண்ணும் பேய் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மேலே போய்விடும். அதனால் ஊரே அன்றைக்குத்தான் வீடு மாறும். பெரிய நிறுவனங்களில் வண்டி கிடைக்காது. தல்சுவே அண்ணனோடு மதியச் சாப்பாட்டுக்காக ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டு மணிக்கு ஒன்றே ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பாங் என்று ஒருவர் ரகசியக் குரலில் கூப்பிட்டு, "சின்ன வீடு மாத்தணும். சத்தமே வரக் கூடாது" என்று சொல்லியிருந்தார். நல்ல மனுஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று நினைக்கிறார் என்று தல்சு அவரைப் பற்றி உயர்வாக எண்ணியிருந்தார்.

காலை பத்தரைக்குத் தல்சு கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அழைத்தவர் சங்தே. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வந்த வழியில் ஆறாவது மஞ்சள் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தங்கை சொன்ன பெயரும் கம்பத்தில் இருந்த பெயரும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் காது வரை சூடேறிவிட்டது. ஆனால் தன்னை யாரென்று சொல்லாமல், வாடிக்கையாளர் மாதிரி குரலை மாற்றிக்கொண்டார்.

"சின்ன வீடு விஷயமா..."

"சொல்லுங்க முதலாளி. எத்தன வருஷமா வெச்சிருக்கீங்க?"

அந்தப் பக்கம் ஓர் இருமல். "ரெண்டு வருஷமா."

"அப்ப மாத்த வேண்டியதுதான். ரெண்டு வருஷத்துக்கு மேல ஒரே எடத்துல வெச்சிருந்தா தொல்லைங்க. சாமான் சேந்து, சின்ன வீடே பெரிய வீடாயிரும். அப்புறம் நான் வர மாட்டேன்."

"வீட்ல தெரிஞ்சா... பரவால்லயா?"

"தெரியாம எப்படிங்க? வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பொம்பளைங்க கூட இருந்தாதான் பாத்திரம் உடையாது."

"நீங்க இந்தத் தொழில்ல எவ்ளோ நாளா?"

"பதினோரு வருஷம் முதலாளி! நேத்து மட்டும் மூணு. முட்டி தேஞ்சு போச்சு."

"கல்யாணம்?"

"இன்னும் ஆகல. இன்னிக்குத்தான் பேசப் போறோம்." தல்சுவுக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. "ஆனா கல்யாணம் ஆனாலும் இத விட மாட்டேன். அவங்களுக்கும் எல்லாம் தெரியும். அவங்களே என்கிட்ட முதல்ல வந்தது இப்படித்தான?"

போன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துத் தல்சு காலரை இன்னொரு தடவை தேய்த்தார்.

சாப்பாட்டுக் கடையில் தனி அறை. தாழ்ந்த மேசையில் இருபத்திரண்டு தட்டு. யங்பூன் ஊதா நிறச் சட்டையில் இருந்தார். தல்சு உள்ளே நுழைந்து தலை தரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்து பார்த்தால், சங்தே சாப்பாட்டுக் குச்சியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து மூணு. இல்லியா?" என்றார் சங்தே.

தல்சு திகைத்தார். "என்னது அண்ணே?"

"யாருக்கு யாரு அண்ணன்? சின்ன வீடு. நேத்து மட்டும் மூணு. கல்யாணம் ஆனாலும் விட மாட்டீரு. என் தங்கச்சிக்கும் எல்லாம் தெரியும். இல்லியா?"

யங்பூன் கரண்டியைக் கீழே வைத்தார். அந்தக் குடும்பத்தில் பதினாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அந்தச் சொல் கேட்டது.

"அண்ணே, அவர் வேன் ஓட்டுறவரு" என்றார்.

"வேன் எதுக்கு ஓட்டுறாருன்னு கேளு. ஊர்ல உள்ள கம்பமெல்லாம் ஒட்டியிருக்கு. பெரிய வீடு எடுப்பதில்லையாம்! பண்பைப் பாரு!"

யங்பூன் தல்சுவின் பக்கம் திரும்பினார். "அந்தத் தாள நான் ஆறு வருஷமா பாக்கறேன். எங்க அண்ணன் சொன்ன பிறகு இப்பத்தான் படிக்கறேன். முதலாளி, போன்ல இவர் கேட்டதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

பொய் சொல்லத் தெரியாத தல்சு ஒன்று விடாமல் ஒப்பித்தார். சாமான் சேர்ந்துவிடும் என்றதை, வீட்டம்மாவைக் கூட்டிவரச் சொன்னதை, முட்டி தேய்ந்ததை. ஒப்பித்துக்கொண்டே போகும்போது, பாதி வழியில், தான் சொல்வது தன் காதிலேயே விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது. பதினோரு வருஷமாகப் புரியாத பல விஷயங்கள் வரிசையாகப் புரியத் தொடங்கின. வேனுக்குத் திரைச்சீலை உண்டா என்று கேட்ட மனிதர். 'ஆளே வேணாம், வெறும் யோசனை மட்டும் போதும்' என்றவர். மாதம் ஒரு தடவை கூப்பிட்டு, "உருப்படுவியாடா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடும் ஒரு பெண்மணி. கட்டணம் அதிகம் என்று கோபப்படுகிறார் என நினைத்து அவருக்கு இரண்டு தடவை தள்ளுபடி சொல்லியிருந்தார்.

"அய்யய்யோ" என்றார் தல்சு. "அந்தம்மா அதுக்கா திட்டினாங்க!"

யங்பூனின் உதடு துடித்தது. அது அழுகையா சிரிப்பா என்று தல்சுவுக்குத் தெரியவில்லை. சங்தே மட்டும் அசையவில்லை.

"வாய்ல சொல்றத நான் நம்பறதில்ல. முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸ். விலாசத்த நேர்ல பாத்தாத்தான் கையெழுத்து. இன்னிக்கு வேலை இருக்கா?"

"இருக்குங்க. ரெண்டு மணிக்கு. சின்ன... குட்டி வீடு ஒண்ணு."

"நான் வரேன். அது நல்ல வீடா இருந்தா என் தங்கச்சி. இல்லேன்னா நாலு மணி வண்டிக்கு அவளையும் கூட்டிக்கிட்டு மொக்போ போயிருவேன். கடையையும் அங்கேயே வெச்சுக்கலாம்."

"நானும் வரேன்" என்று யங்பூன் எழுந்தார். "என் கல்யாணம். நானும் பாக்கறேன்."

வேனில் முன்னால் மூன்று இருக்கை. தல்சு கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில், யங்பூன் நடுவில், சங்தே ஜன்னலோரம். பத்து நிமிஷம் போனது. அப்புறம் போன் வந்தது. வண்டி ஓட்டும்போது தல்சு ஒலிபெருக்கியில்தான் போடுவார்.

"மா தல்சுங்களா?" ஒரு பெண் குரல். ரொம்ப நிதானமாக இருந்தது. "எங்க வீட்டுக்காரர் பாக்கெட்ல ஒரு சீட்டு இருந்துச்சு. சின்ன வீடு, சனி ரெண்டு மணி, தல்சுன்னு எழுதி இந்த நம்பரும் இருக்கு."

"ஓ, பாங் முதலாளி வீட்டம்மாவா! வணக்கங்க!"

யங்பூன் சட்டென்று தல்சுவின் தொடையில் கிள்ளினார். ஆறு வருஷத்தில் அவர் கை தன் மேல் படுவது அதுதான் முதல் தடவை. தல்சு காது வரை சிவந்துபோய், அந்தச் சந்தோஷத்தில் இன்னும் விவரமாகப் பேசினார்.

"அங்கதாங்க போயிட்டிருக்கேன். கல்பாலத் தெரு, முப்பத்தேழாம் நம்பர், மூணாவது மாடி. கீழ வாஷிங் கட இருக்கும், பச்சை போர்டு. நீங்களும் வாங்க. ஒரு கை குடுத்தீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சிரும்!"

"வரேன்" என்றது குரல். "கண்டிப்பா ஒரு கை குடுக்கறேன்."

போன் அணைந்தது. சங்தே மெதுவாகத் தலையைத் திருப்பினார். "ஏம்ப்பா. சொந்தப் பொண்டாட்டிக்கு விலாசம் தெரியாத வீடு எப்படிப்பட்ட வீடு?"

தல்சு வண்டியை ஓரம் கட்டினார்.

"நான் கிள்ளினேனே!" என்றார் யங்பூன்.

"அது... நான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன் முதலாளி."

யாரும் சிரிக்கவில்லை. யங்பூன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "அந்தக் குரல் எனக்குத் தெரியும். யாருன்னு தெரியாது, குரல் தெரியும். பதினாலு வருஷம் முன்னாடி நானும் அதே குரல்லதான் ஒருத்தருக்குப் போன் பண்ணினேன். அவர் விலாசம் சொல்லல. தப்பான நம்பர்னு வெச்சுட்டாரு." பிறகு தல்சுவின் பக்கம் திரும்பி, "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியல. சொன்ன நேரத்துக்குப் போகாம இருந்ததே இல்ல."

"அப்ப போங்க. பாக்கலாம்" என்றார் யங்பூன். அந்தப் 'பாக்கலாம்' தல்சுவின் வயிற்றில் பியானோ மாதிரி இறங்கியது.

பாங் வாசலில் காத்திருந்தார். மழை மேகம் கட்டிய வானத்துக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி, முகமூடி, தொப்பி. "சத்தம் கூடாதுன்னு சொன்னேன்ல? யாரு இவங்க ரெண்டு பேரும்?"

"மச்சான் ஆகப் போறவரு" என்றார் தல்சு.

"இன்னும் ஆகல" என்றார் சங்தே.

மூன்றாவது மாடியில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். தலையணை உறை முதல் உப்பு வரை பெட்டியில் கட்டி, மேலே அழகாக எழுதி வைத்திருந்தாள். தல்சுவின் பார்வை பழக்கத்தில் ஓடியது. பதினொன்று. பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சின்ன வீடா?"

சங்தே கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் சிரித்தாள்.

"ஆமாங்க, ரொம்பச் சின்னது. ஏழு பியொங் அளவுதான். கட்டிலப் போட்டா கதவு தொறக்காது. போற எடம் ஒம்பது பியொங்."

யங்பூன்தான் அவள் அருகில் போய் மெதுவாகக் கேட்டார். "பாங் உங்களுக்கு என்ன வேணும்?"

"அடுத்த வருஷம் கல்யாணம். பாவம், அவர் சம்சாரம் போய் மூணு வருஷமாச்சு. இன்னும் அந்தப் பேரச் சொன்னா கண்ணு கலங்கிருவாரு."

கீழே ஒட்டு நாடா எடுக்கப் போயிருந்த பாங் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார். "ஏன் நிக்கறீங்க? தூக்குங்க, தூக்குங்க!"

தல்சு கையுறையைக் கழற்றினார். "முன்பணத்தத் திருப்பித் தரேன் முதலாளி. இந்த வீட்ட நீங்க சொல்ற எடத்துக்கு மாத்த மாட்டேன்."

"ஏன்யா? சின்ன வீடு மாத்தித் தரப்படும்னு கம்பத்துல ஒட்டியிருக்கியே!"

"ஒட்டினது தப்பு. எழுதத் தெரியாம எழுதிட்டேன். நான் சாமான மாத்தறவன். இது சாமான் இல்ல."

இது இப்படி நடந்துகொண்டிருக்க, தபால் ஆபீஸ்காரருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. வீடு மாறினால் புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது சோற்றுக் குக்கர், அதனால் அதை ஆள் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்ற நினைப்பில், சங்தே குக்கரைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியோரமாக நின்றிருந்தார். அப்போதுதான் கீழே டாக்ஸி கதவு அறையும் சத்தமும், பிறகு படியில் காலடிச் சத்தமும் கேட்டன. பாங்கின் மனைவி வந்தார். புருஷனைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. நேரே குக்கரைப் பார்த்தார்.

"இது என் குக்கர்."

"வணக்கம்" என்றார் சங்தே, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"மூடியில பாருங்க, சிவப்பு நகப்பூச்சு. நான்தான் கொட்டினேன். அறுவடைத் திருநாளுக்கு முன்னாடி ரிப்பேருக்குக் குடுத்தேன்னு சொன்னான். ஏழு மாசமா நான் அலுமினியச் சட்டியில சோறு பொங்கறேன்!"

"நீங்க யாருங்க?" என்றாள் அந்தப் பெண்.

"நானா? இந்தாளு பொண்டாட்டி."

"அவங்க செத்து மூணு வருஷமாச்சே!"

"அந்தச் செத்தவ நான்தான்."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பாங்கின் பக்கம் திரும்பினார்கள். பாங் அங்கே இல்லை. மூன்று மாடியையும் ஒரே மூச்சில் இறங்கி, திறந்திருந்த வேனின் பின்பக்கத்தில் ஏறி, சாமான் சுற்றும் பழைய போர்வை, தலையணை உறை அடுக்குக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். பின்னாலேயே இறங்கிய தல்சு, பதினோரு வருஷப் பழக்கத்தில், சாமான் உள்ளே இருக்கிறது என்று கதவைத் தள்ளித் தாழ் போட்டுவிட்டார்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம். "வண்டிய எடு! எங்கயாவது போ! எவ்ளோ வேணும்னாலும் தரேன்!"

"மனுஷங்கள பின்னாடி ஏத்தக் கூடாதுங்க. போலீஸ் புடிக்கும்."

"அப்ப தொறக்காத! தொறக்காத!"

"போறதும் கூடாது, தொறக்கறதும் கூடாதுன்னா நான் என்னதான் முதலாளி பண்றது?"

வாஷிங் கடைக்காரர் வெளியே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பாங்கின் மனைவி வந்து தாழை நீக்கினார். அடிக்கவில்லை. "எறங்கு" என்று மட்டும் சொன்னார். பாங் இறங்கி, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். தலையில் தொப்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூப்போட்ட தலையணை உறை இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெண் படியில் உட்கார்ந்து அழுதாள். யங்பூன் அவள் முதுகில் கை வைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "டிரைவர் சார், எங்க அக்கா வீடு புச்சோன்ல இருக்கு. அங்க கொண்டுபோவீங்களா?"

"சாமான் யாருதோ, அவங்க சொல்ற எடத்துக்குத்தாம்மா வண்டி போகும்."

"இதையும் எடுத்துக்கிட்டுப் போ" என்று பாங்கின் மனைவி குக்கரைக் காட்டினார். "இனிமே அவனுக்குச் சோறு பொங்க எனக்குச் சட்டியே வேண்டியதில்ல, குக்கர் எதுக்கு?"

பதினொரு பெட்டியும் ஒரு மணி நேரத்தில் ஏறின. தல்சு கோட்டோடு குளிர்பெட்டியைத் தூக்கினார். அக்குளில் தையல் பிரிந்தது. கட்டிலின் மறுமுனையைச் சங்தே பிடித்தார். அந்தப் பெண்ணை டாக்ஸியில் முன்னால் அனுப்பிவிட்டு மூவரும் புச்சோனுக்குப் போனார்கள். நாலு மணி மொக்போ வண்டி அவர்கள் பாதி வழியில் இருக்கும்போதே புறப்பட்டுப் போயிருக்கும். சங்தே கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

வேலை முடிந்ததும் வேனின் பின்படியில் உட்கார்ந்து கறுப்பு நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். மதியத்தின் இருபத்திரண்டு தட்டை யாரும் தொடாததால் மூவருக்கும் அகோரப் பசி. சங்தே வாயெல்லாம் கறுப்பாக, "ஏம்ப்பா, அந்த ஊறுகாய இப்படித் தள்ளு" என்றார். காலையிலிருந்து அவர் தல்சுவிடம் கோபமில்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது. பிறகு தங்கையைப் பார்த்தார். "விலாசம் சரியாத்தான் இருக்கு. நீ என்ன சொல்ற?"

யங்பூன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தல்சுவிடம் கேட்டார். "முதலாளி, உங்க சாமான் எத்தன பெட்டி வரும்?"

ஊரில் உள்ள எல்லார் வீட்டையும் வாசலில் நின்றே எண்ணிவிடும் மனிதருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. "எண்ணினதே இல்ல முதலாளி."

"எண்ணி வைங்க. இருபத்தொம்பதாம் நாள் வரைக்கும் டைம் இருக்கு. அன்னிக்குப் பேய் மறுபடி லீவு."

தல்சுவுக்குப் புரிய அரை நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்றார், வேனின் மேல்கதவில் தலையை இடித்துக்கொண்டார், மறுபடி உட்கார்ந்தார். "அழுவறாரா சிரிக்கறாரா?" என்று சங்தே கேட்டார். "இடிச்சிக்கிட்டாரு" என்றார் யங்பூன்.

மா தல்சுவுக்கு இப்போது வயது ஐம்பத்தாறு. ஓக் யங்பூனைக் கல்யாணம் செய்துகொண்டு சந்தைக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் இருக்கிறார். போன குளிர்காலத்தில் இடது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதனால் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு மேல் எடுப்பதில்லை. காலையில் வேன் ஓட்டுகிறார், மதியத்துக்கு மேல் கடையில் வெங்காயம் உரிக்கிறார்.